காக்கும் மருந்தும் கசியும் குருதியும்

விடியற்காலையில் பால்மரத்தின் பட்டையில் கத்தி பட்டவுடன் பால் சுரந்து, வெட்டுக்கோட்டின் வழியே இறங்கி, மங்கில் சொட்டத் தொடங்குகிறது. சில மணி நேரம் சென்றபின், எவரும் தடுக்காமலே, அது தானாக நின்றுவிடுகிறது. வெட்டுக்கோட்டில் உறைந்த பால் நாடாப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். இதனைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். பால் ஏன் நிற்கிறது என்று அவர்களைக் கேட்டால், 'காற்றுப் பட்டு உறைந்துவிட்டது' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடை முழுமையானதன்று. 1960-களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் செய்த ஆய்வுகள் வேறோர் உண்மையை வெளிப்படுத்தின. பாலினுள் மிதக்கும் நுண்பைகள் சில, வெட்டுண்ட நுண்குழாய்களின் வாயருகே உடைகின்றன. அவற்றினுள் இருந்த பொருள் அருகிலுள்ள பாலை உறையச் செய்கிறது. இவ்வாறு குழாய் உள்ளிருந்தே அடைபடுகிறது. மரம் தன் புண்ணைத் தானே மூடிக்கொள்கிறது என்பதே இதன் பொருள். பிற்காலத்தில் வந்த எத்தபோன் என்னும் மருந்தைப் பட்டையில் தடவினால் இவ்வடைப்புத் தாமதப்படும்; பால் நெடுநேரம் வடியும்; விளைச்சல் பெருகும். அளவு மீறினாலோ பட்டை வறண்டு மரம் பாலற்றுப் போகும்.

மனித உடலிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் குருதி வருகிறது. சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. நிறுத்தும் பணியை முதலில் மேற்கொள்வன தட்டணுக்கள் எனப்படும் நுண்துகள்கள். இதயத் தமனியின் அடைப்பை நீக்கும் இற்றைநாள் மருத்துவம், எத்தபோன் மரத்தில் செய்வது போன்ற ஒன்றை மனித உடலில் வேண்டுமென்றே செய்கிறது. தட்டணுக்களின் பணியை அது தடுத்து வைக்கிறது. அதனால் உயிர் காக்கப்படுகிறது. அதனாலேயே குருதியும் கசிகிறது. இவ்விரண்டற்கும் இடையே மருத்துவ அறிஞர்கள் நாற்பது ஆண்டுகளாகத் தேடிவரும் வழியே இக்கட்டுரையின் பொருள்.

தட்டணுக்களைத் தனியொரு வகையாகக் கண்டு, அவை புண்வாயில் கூடி அடைப்பதை நுண்ணோக்காடியின் வழியே பார்த்து விளக்கியவர் இத்தாலி நாட்டுத் துரின் நகரப் பேராசிரியர் சூலியோ பிட்சோசெரோ. அது 1880-களின் தொடக்கம். எலும்பு மச்சையிலுள்ள பேரணுக்கள் துண்டு துண்டாகப் பிரிவதால் இவை தோன்றுகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். ஒவ்வொன்றின் வாழ்நாளும் ஏழு முதல் பத்து நாள். இவற்றிற்கு உட்கரு கிடையாது. இதனை நினைவில் இருத்தல் வேண்டும். பின்னர் வரும் பலவற்றிற்கு இதுவே காரணம். நூல்கள் இதனை இரத்தத் தட்டு என்றும், குருதிச் சிறுதட்டு என்றும், தட்டணு என்றும் பலவாறு வழங்குகின்றன. அணு என்பது முழு உயிரணுவைக் குறிப்பதாதலின், உட்கருவற்ற துண்டாகிய இதற்கு அப்பெயர் முற்றும் பொருந்தாது எனலாம். எனினும் சொல் சிறியது, வழக்கில் ஊன்றிவிட்டது. அதனையே ஈண்டுக் கொள்வோம்.

குருதிக் குழாயின் உட்சுவர் கிழிந்தவுடன், அதன் அடியிலுள்ள நார்ப்பொருளில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை உருமாறி, துரோம்பாக்சேன், ஏ.டி.பி. என்னும் இரு வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. இவ்விரண்டும் பிற தட்டணுக்களை அழைக்கும் குரல்கள் எனலாம். அழைப்பைக் கேட்ட தட்டணுக்களின் மேற்பரப்பில் பல்லாயிரம் கைகள் விரிகின்றன. குருதியில் மிதக்கும் ஃபைபிரினோசன் என்னும் புரதம் ஒன்றன் கைக்கும் மற்றொன்றன் கைக்கும் நடுவே கயிறாக நின்று கோக்கிறது. அழைப்பு இரண்டு, கைகோத்தல் ஒன்று. தட்டணுத் தடுப்பு மருந்துகளுள் பெரும்பாலானவை இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்றையே தடுக்கின்றன. அஸ்பிரின் முதல் அழைப்பை எழவொட்டாமல் செய்கிறது. கிளோப்பிடோகிரெல், பிரசுகிரெல், டைக்கிரெலோர் ஆகியவை இரண்டாம் அழைப்புச் செவியில் விழாதவாறு செய்கின்றன. ஊசிவழி ஏற்றப்படும் அப்சிக்சிமாப், திரோபிபான், எப்டிபிபடைட் ஆகியவை கைகோத்தலையே நிறுத்துகின்றன.

இத்தட்டணுத் திரளைச் சுற்றி ஃபைபிரின் நூல்கள் வலையாகப் பின்னுவது வேறொரு வேலை. அதனைத் தடுப்பவை ஹெப்பாரின், வார்ஃபாரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்துகள். இவை வேறு இனம். மக்களோ இரண்டினத்தையும் ஒன்றாக்கி 'இரத்தத்தைத் தண்ணீராக்கும் மாத்திரை' என்கின்றனர். மலாய் வழக்கும் அப்பொருள் உடையதே. உண்மையில் இம்மருந்துகளால் குருதி நீர்த்துப் போவதில்லை. அதன் செம்மையும் திண்மையும் முன்போலவே இருக்கின்றன. உறையும் விரைவு மட்டுமே குறைகிறது. இப்பெயர்ப் பிழையைச் சிறிதென்று கொள்ளுதல் ஆகாது. இரத்தம் தண்ணீரானால் உடல் தளரும் என்று அஞ்சி, மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் முதியவர்கள் ஊர்தோறும் உண்டு.

இனி, இம்மருந்துகள் இதயத் தமனி மருத்துவத்தில் புகுந்த வரலாற்றைக் காண்போம். 1929-இல் செருமனி நாட்டு எபர்சுவால்டே என்னும் ஊரில், வெர்னர் போர்சுமன் என்னும் இளைய மருத்துவர் தம் கைச் சிரை வழியே மெல்லிய குழலைத் தம் இதயம் வரை தாமே செலுத்திக்கொண்டு, எக்சு-கதிர் அறைக்கு நடந்து சென்று படம் எடுத்தார். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்சு இதயத் தமனிக்குள் நேரே சாயம் செலுத்திப் படம் பிடித்தார். 1977 செப்டம்பர் 16-ஆம் நாள் சூரிக் நகரில் ஆண்டிரியாசு குருன்சிக், குழலின் முனையில் பொருத்திய சிறு பலூனை அடைபட்ட இதயத் தமனிக்குள் விரித்து வழி திறந்தார். திறந்த வழி சிலருக்கு மீண்டும் மூடிக்கொண்டது. அதனைத் தாங்கி நிறுத்த உலோக வலைக்குழல் ஒன்றை உள்ளே விட்டுவிடும் முறை 1986-இல் தோன்றியது. பிரான்சின் துலூசு நகரில் சாக் புவேலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட்டும் அதனைத் தொடங்கினர். இவ்வலைக்குழலே ஸ்டென்ட் எனப்படுவது.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. பலூன் விரியும்போது தமனியின் உட்சுவர் கிழிகிறது. கிழிந்த இடத்தில் அயற்பொருளாகிய உலோகமும் நிற்கிறது. தட்டணுக்களுக்கு இதனை விடப் பெரிய அழைப்பு வேண்டுமோ? அவை திரண்டு வந்து அடைத்துவிடும். விரற்புண்ணில் நன்மை செய்யும் அதே திரட்சி, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள இதயத் தமனியில் நிகழ்ந்தால் மாரடைப்பு. ஐரோப்பிய மருத்துவமனைகளில் வலைக்குழல் பெற்ற முதல் 105 பேரைப் பற்றி 1991-இல் வெளிவந்த அறிக்கையில், நூற்றுக்கு 24 பேருக்கு அது முற்றும் அடைபட்டதெனக் கண்டிருந்தது. நால்வரில் ஒருவர் என்றால் அம்முறை கைவிடப்பட வேண்டிய நிலை.

அஞ்சிய மருத்துவர்கள் கையில் கிடைத்த தடுப்பு மருந்துகளை எல்லாம் ஒருங்கே கொடுத்தனர். அஸ்பிரின், டைப்பிரிடமோல், டெக்சுத்திரான், ஹெப்பாரின், அதன்மேல் மாதக்கணக்கில் வார்ஃபாரின். அடைப்புக் குறைந்தது. குருதியோ நிற்கவில்லை. 1994-இல் வெளியான பெனஸ்டென்ட் ஆய்வில், பலூன் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 3.1 பேருக்குக் குருதிப்போக்கோ குழாய்ச் சிதைவோ உண்டாயிற்று. வலைக்குழல் பெற்றோருள் நூற்றுக்கு 13.5 பேருக்கு உண்டாயிற்று. முன்னவர் மருத்துவமனையில் சராசரி 3.1 நாள் தங்கினர், பின்னவர் 8.5 நாள். தொடையிடுக்கில் குழல் நுழைத்த இடம் வீங்கிக் கருத்து, மணல்மூட்டை அழுத்திய நிலையில் அசையாமல் படுத்திருப்பதே நோயாளியின் தவமாயிற்று.

இம்முடிச்சை அவிழ்த்தது 1996-இல் மியூனிக் நகரிலிருந்து வந்த ஈசார் ஆய்வு. 517 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்குப் பழைய உறைவுத் தடுப்பு முறையும், மறு பகுதியினர்க்கு அஸ்பிரினுடன் திக்குளோப்பிடின் என்னும் தட்டணுத் தடுப்பு மருந்தும் கொடுத்தனர். பழைய முறையில் நூற்றுக்கு 6.2 பேருக்கு இதயத் தீங்கு நேர்ந்தது. புதிய முறையில் 1.6 பேருக்கே. பெருங்குருதிப்போக்கோ முன்னதில் நூற்றுக்கு 6.5, பின்னதில் ஒருவருக்கும் இல்லை. அடைப்பும் குறைந்தது, கசிவும் குறைந்தது. ஏன்? தமனியில் குருதி விரைந்து ஓடுகிறது. அங்கே முதலில் திரள்வது தட்டணுவேயன்றி நூல்வலை அன்று. பகைவன் யார் என்று அறியாமல் எல்லார்மீதும் படை தொடுத்ததே முன்னைய பிழை. ஒன்றுக்குப் பதில் இரு தட்டணுத் தடுப்பு மருந்துகள் என்னும் இற்றை வழக்கிற்கு இதுவே அடிக்கல்.

இவ்விரண்டனுள் மூத்ததாகிய அஸ்பிரினின் கதை சுவையானது. 1897-இல் செருமனியில் தூய்மையாக ஆக்கப்பெற்று, 1899 முதல் வலி நீக்கியாக விற்பனையான அம்மாத்திரை தட்டணுவைத் தடுக்கும் என்று அரை நூற்றாண்டு வரை எவரும் கருதவில்லை. கலிபோர்னியாவில் லாரன்சு கிரேவன் என்னும் ஊர் மருத்துவர் இருந்தார். தொண்டைச் சதை நீக்கும் அறுவைக்குப்பின் வலி தணிய, அஸ்பிரின் கலந்த மெல்லும் பசையை அவர் கொடுப்பது வழக்கம். சிலர்க்குப் புண்ணிலிருந்து குருதி அடங்காமல் ஒழுகியது. அவர்களை விசாரித்தபோது, பசையைக் கடையில் மேலும் வாங்கி அளவுக்கு மிஞ்சி மென்றிருந்தனர் என்பது தெரியவந்தது. இதனைக் குற்றமாக மட்டும் கொள்ளாமல், குருதியை உறையவிடாத பொருள் மாரடைப்பைத் தடுக்குமன்றோ என்று அவர் எண்ணினார். 1950-களில் தம்மிடம் வந்த ஆயிரக்கணக்கான ஆடவர்க்கு அஸ்பிரின் கொடுத்துக் கட்டுரைகள் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாமையால் அவர் சொல் ஏறவில்லை. 1957-இல் அவரே மாரடைப்பால் இறந்தார். 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் அஸ்பிரின் செயற்படும் வழியைக் காட்டி, 1982-இல் நோபெல் பரிசு பெற்றார். அஸ்பிரின் தொட்ட தட்டணு, உட்கரு இன்மையால் இழந்ததைப் புதிதாக்கிக்கொள்ள இயலாது. தன் வாழ்நாள் முடியும்வரை ஊமையாகவே கிடக்கும். ஆதலின் ஒரு மாத்திரையின் செயல் பத்து நாள் வரை நீளுகிறது. ஆக, இம்மருந்தின் பயன் உலகிற்குத் தெரிந்ததே அதன் தீங்கின் வாயிலாகத்தான்.

பயனும் தீங்கும் ஒரே கிளையில் காய்ப்பதைக் கணக்கிட்டும் காட்டலாம். திக்குளோப்பிடின் வெள்ளணுக்களைக் குறைத்ததால், அதன் இடத்திற்குக் கிளோப்பிடோகிரெல் வந்தது. 2001-இல் வெளியான கியூர் ஆய்வில் 12,562 இதய நோயாளிகள் பங்கு பெற்றனர். அஸ்பிரினுடன் கிளோப்பிடோகிரெலும் சேர்த்தபோது, இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை நூற்றுக்கு 11.4-இலிருந்து 9.3-ஆகக் குறைந்தன, பெருங்குருதிப்போக்கு 2.7-இலிருந்து 3.7-ஆக உயர்ந்தது. ஆயிரம் பேருக்கு என்று வைத்தால், 21 பேர் தீங்கினின்று தப்பினர். 10 பேர் புதிதாகக் குருதி இழந்தனர். தப்பியவர் யார் என்று ஒருபோதும் தெரியாது. குருதி சிந்தியவரை மட்டும் எல்லாரும் காண்பர். இம்மருந்துகளைப் பற்றி ஊரில் உலவும் அச்சத்திற்கு இவ்வேறுபாடே பெருங்காரணம்.

கைகோத்தலைத் தடுக்கும் மூன்றாம் வகை மருந்துகளுள் இரண்டு, பாம்பின் நஞ்சிலிருந்து பாடம் கற்றவை. பாம்பு தீண்டியவர்க்குப் பல்லீறிலும் கடிவாயிலும் குருதி நிற்பதில்லை. சில நஞ்சுகளில் உள்ள சிறு புரதங்கள் தட்டணுவின் கைகளைத் தாமே பற்றிக்கொண்டு, கயிறு கோக்க இடம் தராமல் செய்கின்றன. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் வாழும் சுருட்டை விரியனின் நஞ்சிலுள்ள அத்தகைய புரதத்தின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு திரோபிபான் ஆக்கப்பட்டது. அமெரிக்காவின் குள்ளக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சே எப்டிபிபடைட்டுக்கு மூலம். இரண்டும் 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. பாம்பைப் பற்றிய பேச்சு வந்தமையின், நம் நாட்டுச் செய்தி ஒன்றும் கூறற்பாலது. பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், வட மலாயாத் தோட்டங்களில் குழிவிரியன் தீண்டிய தொழிலாளர்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அவர்களுள் பலர்க்குக் குருதி நாட்கணக்கில் உறையாமலே இருந்தது. ஆயினும் பெருங்குருதிப்போக்கின்றித் தப்பியோர் பலர். 1963-இல் வெளிவந்த இவ்வாய்வுகளால் அந்நஞ்சிலிருந்து அங்கிராட் என்னும் மருந்து பிறந்தது. அது ஃபைபிரினோசனைத் தீர்ப்பது, தட்டணுவைத் தடுப்பதன்று. மூளைக் குழாய் அடைப்பிற்குச் சோதித்துப் பார்த்தும் அது நிலைபெறவில்லை.

கைகோத்தலைத் தடுக்கும் இவ்வகையில் முதலில் வந்தது அப்சிக்சிமாப். 1994-இல் வெளியான எப்பிக் ஆய்வில் அது இதயத் தீங்கை நூற்றுக்கு 12.8-இலிருந்து 8.3-ஆகக் குறைத்தது. மருத்துவ உலகம் வியந்தது. பெருங்குருதிப்போக்கோ நூற்றுக்கு 7-இலிருந்து 14-ஆக இரட்டித்தது. 'மருந்தின் குணம் அது. உயிர் வேண்டுமாயின் குருதி கொடுக்கத்தான் வேண்டும்' என்று அப்போது அமைந்தவர் உண்டு. அமையாதவர் கணக்கைத் திருப்பிப் பார்த்தனர். உடன் கொடுத்த ஹெப்பாரின் மெலிந்த மூதாட்டிக்கும் பருத்த ஆடவர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சென்றிருந்தது. 1997-இல் எப்பிலாக் என்னும் அடுத்த ஆய்வில் ஹெப்பாரினைக் குறைத்து, உடல் எடைக்கு ஏற்ப அளந்து கொடுத்தனர். அப்சிக்சிமாபின் பயன் குறையவில்லை. பெருங்குருதிப்போக்கு நூற்றுக்கு 2.0 என்று, அம்மருந்தே பெறாதாரின் 3.1-க்கும் கீழே இறங்கியது. தவிர்க்க இயலாதது என்று கருதப்பட்ட தீங்கு, அளவுக்கோலில் நேர்ந்த பிழையாக முடிந்தது.

இருப்பினும், குருதிப்போக்கைச் சிறு தொல்லையாகக் கருதும் மனப்பான்மை நெடுங்காலம் நீடித்தது. மாரடைப்பு உயிர் குடிப்பது. கசிவு, குருதி ஏற்றினால் சரியாவது என்பதே பொது எண்ணம். அதனை அசைத்தது 2006-இல் வெளிவந்த தொகுப்பாய்வு. 34,146 இதய நோயாளிகளுள், பெருங்குருதிப்போக்கு நேர்ந்தவர்களில் நூற்றுக்கு 12.8 பேர் முப்பது நாளுக்குள் இறந்தனர், நேராதவர்களில் 2.5 பேர். ஐந்து மடங்கு! ஈண்டு ஒன்று கருதவேண்டும். முதியோர், மெலிந்தோர், சிறுநீரகம் கெட்டோர் ஆகியோர்க்கே குருதி மிகுதியாகக் கசியும்; அவர்கள் இறப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆதலின் ஐந்து மடங்கும் கசிவின் குற்றம் என்று கொள்ளுதல் முறையாகாது. எனினும் கசிவு கொல்லும் வழிகள் தெளிவானவை. குருதி இழந்த இதயத்திற்கு உயிர்வளி குறைகிறது. கசிவை நிறுத்தத் தடுப்பு மருந்தை நிறுத்தினால் வலைக்குழல் அடைபடுகிறது. முன்னே போனால் ஒன்று, பின்னே போனால் மற்றொன்று.

கசிவைக் குறைத்தால் சாவு குறையுமா? இவ்வினாவிற்கு விடை, மருந்தைத் தொடாமல் வாயிலை மட்டும் மாற்றியதால் கிடைத்தது. தொடையிடுக்குத் தமனி பெரியது, ஆழமானது. அங்கு ஏற்பட்ட துளையிலிருந்து குருதி வெளியே வராமல் வயிற்றின் பின்புறம் தேங்கினால், முதுகுவலியும் நாடித் தளர்ச்சியும் தோன்றும் வரை எவரும் அறியார். மணிக்கட்டுத் தமனியோ சிறியது, எலும்பின்மேல் கிடப்பது, ஒரு விரலால் அழுத்தினாலே நிற்பது, அது அடைபட்டாலும் கைக்குக் குருதி கொண்டுசெல்ல மற்றொரு தமனி உண்டு. நம் நாட்டு வைத்தியர் விரல் வைத்து நாடி பார்க்கும் இடம் அதுவே. 1989-இல் கனடா நாட்டு மொன்றியால் நகர மருத்துவர் லூசியன் காம்போ அவ்வழியே இதயத் தமனிப் படம் எடுத்தார். 1992-இல் ஆம்சுடர்டாமில் பெர்டினாண்டு கீமெனே அவ்வழியே அடைப்பை நீக்கினார். தொடை வழியில் பழகிய கைகள் எளிதில் மாறவில்லை. 2011-இல் ரைவல் ஆய்வு 7,021 பேரை ஒப்பிட்டது. துளையிட்ட இடத்தில் பெரிய குருதிக் கட்டு தொடையில் நூற்றுக்கு 3.0, மணிக்கட்டில் 1.2; சாவு உள்ளிட்ட முதன்மைக் கணக்கில் வேறுபாடு இல்லை. 2015-இல் ஐரோப்பிய நாடுகள் நான்கில் 8,404 பேரிடம் நடந்த மேட்ரிக்சு ஆய்வோ, பெருங்குருதிப்போக்கு நூற்றுக்கு 2.3-இலிருந்து 1.6-ஆகவும், சாவு 2.2-இலிருந்து 1.6-ஆகவும் குறைந்ததைக் காட்டியது. கசிவு வெறும் தொல்லை அன்று, அது உயிர் குடிப்பதும் ஆகும் என்னும் கூற்றிற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

மருந்துகளின் வலிமை இதற்கிடையே வளர்ந்துகொண்டே வந்தது. 2007-இல் பிரசுகிரெல், கிளோப்பிடோகிரெலை வென்றது. இதயத் தீங்கு நூற்றுக்கு 12.1-இலிருந்து 9.9-ஆயிற்று. ஆனால் குருதிப்போக்கால் நேர்ந்த சாவு 0.1-இலிருந்து 0.4-ஆயிற்று. முன்பு பக்கவாதம் கண்டவர்க்கு அது தீங்கே செய்தது. எழுபத்தைந்து வயது கடந்தவர்க்கும் அறுபது கிலோவுக்குக் குறைந்தவர்க்கும் பயன் தெரியவில்லை. அறுபது கிலோ என்பது நம் ஆசியப் பெண்டிருள் மிகப் பலர்க்கு இயல்பான எடை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. கிழக்காசிய மக்களுக்கு அடைப்புக் குறைவாகவும் கசிவு மிகுதியாகவும் நேர்கிறது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. சப்பானியர் இதனை முன்னரே உணர்ந்தவர்போலும். பிற நாடுகளில் பிரசுகிரெல் தொடக்கத்தில் 60 மில்லிகிராம், பின்னர் நாளுக்கு 10 என்று கொடுக்கப்படுகிறது. சப்பானில் 20, பின்னர் 3.75 மட்டுமே. மற்றொரு புறம், கிளோப்பிடோகிரெல் கல்லீரலில் மாறினால்தான் வேலை செய்யும்; அம்மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே செயலற்றிருப்போர் ஐரோப்பியருள் நூற்றுக்கு இருவர் அளவு, சீனருள் பதினால்வர் அளவு. ஒருவர்க்கு மருந்து மிகும், ஒருவர்க்கு மருந்தே ஆகாது. பல இனத்தார் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இவ்வேறுபாட்டை ஏட்டுச் செய்தியாக விட்டுவிட முடியாது.

வீடு திரும்பிய பின்னர்க் குருதி மிகுதியும் கசியும் இடம் வயிறும் குடலும். அஸ்பிரின் வயிற்றின் உட்படலத்தை அரிக்க, அரித்த புண்ணை மூட வேண்டிய தட்டணுக்களும் வலியிழந்து கிடக்கின்றன. அமிலம் குறைக்கும் ஒமிப்பிரசோல் உடன் கொடுத்தால், ஆறு மாதத்தில் குடற்குருதிப்போக்கு நூற்றுக்கு 2.9-இலிருந்து 1.1-ஆகக் குறைந்ததை 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஒமிப்பிரசோல், மேலே சொன்ன கல்லீரல் நொதியைத் தடுத்துக் கிளோப்பிடோகிரெலின் வலியைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆதலின் அவ்வினத்துள் வேறொரு மருந்தைத் தேர்வோர் பலர்.

எத்தனை நாள் இரு மருந்துகளையும் உண்பது என்பது இன்றும் வாதத்திற்குரியது. 2003-க்குப்பின் மருந்து பூசிய வலைக்குழல்கள் பரவின. அவற்றின்மேல் தமனிச் சுவர் மெல்லவே படர்ந்தமையால், ஓராண்டு, அதற்கும் மேல் என்று காலம் நீண்டது. 2014-இல் வெளியான ஆய்வில் முப்பது மாதம் இரு மருந்தும் உண்டவர்க்கு வலைக்குழல் அடைப்பு நூற்றுக்கு 0.4, பன்னிரண்டு மாதத்தில் நிறுத்தியவர்க்கு 1.4. கசிவு முறையே 2.5, 1.6. வலைக்குழல்கள் மெலிந்து செம்மையானதும் காற்றுத் திசை மாறியது. 2019-இல் வெளியான துவைலைட் ஆய்வு, மூன்று மாதம் ஆனபின் அஸ்பிரினை நிறுத்தி டைக்கிரெலோரை மட்டும் தொடரலாம் என்றது. குருதிப்போக்கு நூற்றுக்கு 7.1-இலிருந்து 4.0-ஆகக் குறைந்தது, இதயத் தீங்கு மிகவில்லை. மூத்த மருந்தாகிய அஸ்பிரினே முதலில் வெளியேறும் என்று எவர் எண்ணினார்? அதே ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று, கசியும் இயல்பு மிக்கார் யார் என்று வரையறுத்தது. குருதிச் சிவப்பு 11 கிராமுக்குக் குறைந்தோர், தட்டணு ஓரிலட்சத்துக்குக் குறைந்தோர், உறைவுத் தடுப்பு மருந்தை வேறு நோய்க்காக உண்போர், சிறுநீரகம் பெரிதும் கெட்டோர், ஆறு மாதத்திற்குள் தாமாகக் குருதி கசிந்து மருத்துவமனை சேர்ந்தோர் முதலியோர் அப்பட்டியலில் உளர். இத்தகையோர்க்கு ஒரே மாதத்தில் இரண்டை ஒன்றாக்குதல் தீதன்று என்று 2021-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது.

இவை யாவும் மருத்துவர் நிறுத்துவதைப் பற்றியவை. நோயாளி தாமே நிறுத்துவது முற்றும் வேறு. இரு மருந்தும் உண்பவர்க்குப் பல் துலக்கும்போது ஈறு கசிவதும், எங்கு இடித்தோம் என்று தெரியாமலே தோலில் நீலம் பாய்வதும் பொதுவாகக் காணப்படுபவை. இவை மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமே. இதற்கு அஞ்சி முதல் மாதத்தில் மாத்திரையைக் கைவிட்டவர் மாரடைப்போடு திரும்பி வருவதுண்டு. வலைக்குழல் திடீரென அடைபட்டவருள் உயிர் பிழையாதார் பலர். மலம் தாரைப்போல் கருத்து ஒட்டுதல், காப்பித்தூள் போன்ற வாந்தி, திடீர்த் தலைவலியுடன் பேச்சுக் குழறல், காரணமின்றி மயக்கமும் வியர்வையும் ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தன. இவற்றிற்கு உடனே மருத்துவமனை செல்லவேண்டும். அங்கேயும் எம்மருந்தை நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோபென், டைக்குளோபினாக் போன்றவை வயிற்றுக் கசிவைப் பெருக்குவன என்பதையும் குறித்துக்கொள்ளல் நன்று.

அறுவை ஒன்று குறுக்கிட்டால் நாட்கணக்கு வேண்டும். கிளோப்பிடோகிரெலை ஐந்து நாள், பிரசுகிரெலை ஏழு நாள், டைக்கிரெலோரை மூன்று முதல் ஐந்து நாள் முன்னர் நிறுத்துவது வழக்கம். அஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. முதலிரண்டும் தட்டணுவை வாழ்நாள் முழுதும் முடக்குவன. புதிய தட்டணு நாளுக்குப் பத்தில் ஒரு பங்காகவே பிறக்கும். டைக்கிரெலோர் தட்டணுவை விட்டு விலகக்கூடியது. ஆனால் அது குருதியில் உள்ளவரை, வெளியிலிருந்து ஏற்றிய புதுத் தட்டணுவையும் பற்றிக்கொள்ளும். 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கங்கரெலோர் என்னும் ஊசிமருந்தோ, நிறுத்திய ஒரு மணி நேரத்தில் தட்டணுக்களைப் பழைய நிலைக்கு விட்டுவிடும். பல் ஒன்றிரண்டு பிடுங்குவதற்கு இம்மருந்துகள் எதனையும் நிறுத்தவேண்டுவதில்லை என்பதே பல் மருத்துவர்களின் வழிகாட்டு நூல்கள் கூறுவது. வலைக்குழல் வைத்த செய்தியையும் உண்ணும் மாத்திரைகளின் பெயரையும் முன்னரே சொல்லிவிட்டால், பிடுங்கிய குழியில் பஞ்சுத் துணியை வைத்து அழுத்திக் கடித்திருக்கச் செய்து, வேண்டின் ஒரு தையலும் இட்டு, சற்று நேரம் கூடுதலாக உட்காரவைத்து அனுப்புவர்.